எடையே காட்டாத லேப்டாப்பைத் திருப்பி அனுப்புவது குறித்து அத்தானுக்கு

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கச்சியும் நலம். என் வலது தோள்பட்டை மட்டும் நலமில்லை; அதைப் பற்றிக் கீழே விவரமாக வருகிறது. அங்கே நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஏனென்றால் நேற்று அக்கா போனில் என்னைத் திட்டியபோது குரல் கணீரென்று இருந்தது.

போன மாதம் அந்த லேப்டாப்பை என்னிடம் கொடுத்தபோது நீங்கள் ஒரு நிபந்தனை போட்டீர்கள். "மாப்ளே, இத வச்சு ஒரு மாசம் வேலை பாரு. அப்புறம் எப்படியிருக்குன்னு எழுதி அனுப்பு. போன்ல கேட்டா நீ எல்லாத்துக்கும் சூப்பர் அத்தான்னுதான் சொல்லுவே. நீ எழுதறத வச்சுத்தான் எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் இதையே வாங்கறதா வேணாமான்னு முடிவு பண்ணப் போறேன்" என்றீர்கள். ஒரு ஆபீஸ் முழுவதும் என் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறது. ஆகவே முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பை இந்தக் கடிதத்தோடு கூரியரில் உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். கோபப்படாமல் முழுவதும் படிக்கவும். அக்காவுக்குப் படித்துக் காட்டுவதானால் கடைசிப் பகுதியை மட்டும் காட்டவும்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்படியொரு பொருளை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. அன்று நீங்கள் எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து நீட்டினீர்கள். நான் அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, "யார் வீட்டுக் கல்யாணம் அத்தான்?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். கவருக்குள் கையை விட்டு இழுத்தேன். லேப்டாப் என்றால் இவ்வளவு கனம் இருக்கும் என்று என் கை பழகிப்போயிருந்ததல்லவா, அந்தப் பலத்தோடு தூக்கியதில் அது என் தலைக்கு மேல் போய் நின்றது. உங்கள் தங்கச்சி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, "என்ன, அண்ணனுக்கு விசிறி விடறீங்களா?" என்றாள். மூடி வைத்துப் பக்கவாட்டில் பார்த்தேன். ஒரு கோடு, அவ்வளவுதான். அத்தான், நான் இத்தனை வருடமாகக் கோடு போட்டே பிழைக்கிறவன். சுவரைக் கோடாகப் போடுவேன், கதவைக் கோடாகப் போடுவேன், படிக்கட்டைக்கூடக் கோடாகத்தான் போடுவேன். ஆனால் ஒரு கோட்டைத் திறந்தால் உள்ளேயிருந்து வெளிச்சம் வரும் என்பதை அன்றுதான் பார்த்தேன். எனக்குப் பேச்சே வரவில்லை. நான் நன்றி சொல்லவில்லை என்று நீங்கள் அக்காவிடம் குறைப்பட்டுக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். வாய் அடைத்துப் போனதுதான் காரணம்.

என்னுடைய பழைய லேப்டாப்பை உங்களுக்குத் தெரியும். அதை எங்கள் வீட்டில் எல்லோரும் 'பெரியவர்' என்றுதான் சொல்கிறோம். பெரியவரை மேஜையில் வைத்தால் மேஜை ஒரு முறை முனகும். வேலை கொஞ்சம் பலமானால் உள்ளே இருக்கிற விசிறி சுழல ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு மாடி வீட்டு அம்மா மழை வருகிறது என்று துணியை எடுக்க ஓடியிருக்கிறார். ஆனால் வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. நான் போடுவது வெறும் வீட்டு பிளான் மட்டுமில்லை என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். கட்டாத வீட்டை அப்படியே கம்ப்யூட்டருக்குள் எழுப்பி, வெயில், நிழல், ஜன்னல் திரை எல்லாம் வைத்து, வீட்டுக்காரர்களை உள்ளே நடக்க விடுவேன். பட்டனை அழுத்தினால் வாசல், ஹால், படுக்கையறை என்று போய்க்கொண்டே இருக்கலாம். பெரியவரில் அந்த வீட்டுக்குள் நடப்பது என்ன, ஓடலாம், குதிக்கலாம். ஆனால் பெரியவர் தானாக எங்கும் நடந்து வரமாட்டார். நான்தான் சுமக்க வேண்டும். சைட்டுக்கும் வாடிக்கையாளர் வீட்டுக்குமாகச் சுமந்து சுமந்து என் தோள்பட்டை இறங்கிவிட்டது. எலும்பு டாக்டர் என் கையைத் தூக்கச் சொன்னார். பாதிக்கு மேல் போகவில்லை. "அந்தப் பையை விடுங்க, இல்லன்னா இந்தக் கை உங்களுக்குத் தலை சீவக்கூட உதவாது" என்றார். எனக்குத் தலையில் சீவ அதிகம் இல்லை என்பது வேறு விஷயம், ஆனால் பயந்துவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் நீங்கள் கவரோடு வந்தீர்கள். உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடாததற்கும் அந்தத் தோள்பட்டைதான் காரணம்.

நீங்கள் போன அன்றே உங்கள் தங்கச்சி எடை பார்க்கும் மிஷினைக் கொண்டுவந்தாள். சாம்பல் நிறக் கண்ணாடி போட்டது, நாங்கள் தினமும் ஏறிப் பார்த்து வருத்தப்படுவது. முதலில் பெரியவரை ஏற்றினோம். மிஷின் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு எண்ணைச் சொன்னது. அடுத்து உங்களுடையதை வைத்தோம். சுழியம். எடுத்து மறுபடி வைத்தோம். மறுபடியும் சுழியம். "பாவம், காலைலேருந்து சாப்பிடல போல" என்றாள் உங்கள் தங்கச்சி. மிஷின் கெட்டுவிட்டதோ என்று நானே ஏறி நின்று பார்த்தேன். கெடவில்லை அத்தான், நன்றாகவே வேலை செய்கிறது. எங்கள் வீட்டில் எடையே இல்லாத பொருள் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது என்று நாங்கள் இருவரும் அதைச் சுற்றி உட்கார்ந்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து அதற்குத் 'தகடு' என்று பெயர். தகட்டையும் எடை மிஷினையும் ஒரே அலமாரித் தட்டில் வைத்தாள். "ரெண்டும் ஒரே கலர், பார்க்க அழகா இருக்கு" என்றாள். அழகு விஷயத்தில் நான் அவளை எதிர்த்துப் பேசுவதில்லை.

அழகு என்றதும் சொல்ல மறந்துவிட்டேன், அந்தத் தகட்டால் எனக்குக் கிடைத்த மரியாதை சாதாரண மரியாதையில்லை. எங்கள் கான்ட்ராக்டர் என்னை எப்போதும் "யோவ் பிளானு" என்றுதான் கூப்பிடுவார். சிமெண்ட் மூட்டையில்தான் உட்கார வைப்பார். தகட்டை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு சைட்டில் போய் நின்றேன். "வாங்க சார்" என்று எழுந்து நின்றுவிட்டார்! தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவருக்கும் எனக்கும் நடுவில் தகடு திறந்திருந்தவரை அவர் ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசவில்லை. நானும் உள்ளே எதையும் திறக்காமல் சும்மா ஒரு வெள்ளைப் பக்கத்தைக் காட்டிக்கொண்டே கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன், ஏனென்றால் திறந்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

குட்டு என்னவென்றால் இதுதான். கடிதம் எழுதினால் தகடு பறக்கிறது. கணக்குப் போட்டால் பறக்கிறது. படம் பார்த்தால் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் ஒரு முழு வீட்டை அதற்குள் ஏற்றினேன் அத்தான், தகடு திகைத்துப் போய் நின்றுவிட்டது. முதலில் தரை வந்தது. நான் போய்க் குளித்துவிட்டு வந்தேன், சுவர் வந்திருந்தது. சாப்பாட்டு மேஜைக்குக் கால் வருவதற்குள் எங்கள் வீட்டில் சாப்பாடே முடிந்துவிட்டது. அடியில் தொட்டுப் பார்த்தேன், சட்டை தேய்த்துவிடலாம் போலிருந்தது. உள்ளே விசிறியே கிடையாதாம். மெல்லிசாக இருக்க வேண்டும் என்று விசிறியை எடுத்துவிட்டார்களாம். சர்வீஸ் சென்டர்ப் பெண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அது அப்படித்தான் சார். சூடானா தானா வேகத்தைக் குறைச்சுக்கும். தன் உடம்பைப் பார்த்துக்குது சார்" என்றாள். எனக்கு அதன் மேல் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. இத்தனை வருடத்தில் தோள்பட்டை சூடானபோது நான் ஒரு நாளாவது வேகத்தைக் குறைத்திருக்கிறேனா? உங்கள் தங்கச்சி டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து தகட்டுக்கு நேரே வைத்தாள். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார வைத்தாள். முட்டி வலிக்கு ஒத்தடம் கொடுக்கிற ஐஸ் பையைத் துணியில் சுற்றி அடியில் கொடுத்தாள். பிரசவம் பார்ப்பது போலப் பார்த்தாள். தகடு கொஞ்சம் தெம்பாகி ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டு மறுபடி சோர்ந்துவிட்டது. இன்னொன்று, அதில் வயர் சொருக இரண்டே ஓட்டைகள்தான். மவுஸைச் சொருக ஒரு ஒட்டு வயர், பெரிய திரையில் காட்ட ஒரு ஒட்டு, பென் டிரைவுக்கு ஒரு ஒட்டு என்று வாங்கி வாங்கி, தகட்டின் வால்களுக்கென்றே தனியாக ஒரு பை ஆகிவிட்டது. அந்தப் பையை எடை மிஷினில் வைத்தால் எண் காட்டுகிறது.

இந்த நிலைமையில்தான் டிரைவிங் டீச்சர் வீட்டு விவகாரம் வந்தது. அவரை உங்களுக்குத் தெரியாது. இந்த ஊரில் பாதிப் பேருக்கு கிளட்ச் எது பிரேக் எது என்று சொல்லிக் கொடுத்தவர், எனக்கும் சேர்த்து. அவரிடம் படித்தவர்கள் யாரும் இன்றுவரை கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியை நகர்த்துவதில்லை, அப்படித் திட்டுவார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நோய் வந்து அவருக்கு இரண்டு காலும் உணர்வில்லாமல் போய்விட்டது, சக்கர நாற்காலிதான். குடியிருப்பது நான்காவது மாடியில், வாடகைக்கு. லிஃப்ட் பழுதானால் அவர் வீட்டோடு சிறை. அதனால்தான் அவர் கணவர், மருந்துக்கடை வைத்திருப்பவர், ஒரு சின்ன மனையில் தரையோடு தரையாக ஒரு வீடு கட்ட ஆரம்பித்தார். பிளான் என்னுடையது. வாசலில் படியே வைக்காமல் அருமையான சாய்தளம் போட்டிருந்தேன். அதைப் போட்டதிலிருந்து எனக்கு என் மேலேயே ஒரு மதிப்பு. மருந்துக்கடைக்காரர் என் அறைக்கு வந்து, பெரியவரில் வீட்டுக்குள் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்து, "பிரமாதம் சார், மத்தத பார்த்துக்கலாம்" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார். ஆனால் டீச்சர் வீட்டிலிருந்து சொல்லியனுப்பிவிட்டார்: "நான் உள்ள போய்ப் பார்க்காம ஒரு செங்கல் வைக்கக்கூடாது."

திங்கட்கிழமை காலையில் மேஸ்திரி சுவர் எழுப்ப ஆரம்பிப்பதாக இருந்தது. அஸ்திவாரம் தயார், செங்கல் இறங்கிவிட்டது, ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமையே லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது. டீச்சரைக் கீழே கொண்டுவர முடியாது; ஆக, வீட்டைத்தான் மேலே கொண்டுபோக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவரைப் பையில் போட்டுத் தோளில் மாட்டினேன். எழுந்திருக்க முடியவில்லை. பை அங்கேயே இருந்தது, நானும் அதோடு சேர்ந்து அங்கேயே இருந்தேன். உங்கள் தங்கச்சி பையைக் கழற்றி வைத்துவிட்டு, "கை வேணுமா, வேலை வேணுமா?" என்று கேட்டாள். அவளே தகட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான்கு மாடியும் ஏறினேன் அத்தான், அக்குளில் இடுக்கிக்கொண்டு, பேப்பர் படிக்கப் போகிறவன் போல. ஏறும்போது உங்களை மனதார வாழ்த்தினேன். ஏறி முடித்ததும், உள்ளே போய் இது மானத்தை வாங்கப் போகிறதே என்று நினைத்துத் திட்டினேன். இரண்டையும் இங்கே பதிவு செய்கிறேன்.

டீச்சர் ஜன்னலோரமாகச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வீடு எங்க?" என்றார். தகட்டைக் காட்டினேன். "இந்தத் தட்டுக்குள்ளயா?" என்று கேட்டு, கையை நீட்டி வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். மடிக்கணினி என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. பெரியவரை யார் மடியில் வைக்க முடியும்? மருந்துக்கடைக்காரர் ஓடிப்போய் ஒரு தலையணையை எடுத்துவந்தார். "அவளுக்குக் கால்ல சூடு தெரியாது சார். தெரியாதுங்கறதாலதான் பார்த்து வைக்கணும்" என்று தகட்டுக்கு அடியில் கொடுத்தார். அவர் சொன்னதில் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் தலையணை மேல் வைத்தால் தகட்டுக்கு இன்னும் சூடாகும், இன்னும் மெதுவாகும் என்பது எனக்குத் தெரியும். எப்படிச் சொல்வது? வீட்டைத் திறந்துவிட்டேன்.

வாசல் வந்தது. டீச்சர் பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் வீடு ஒரு அடி கிட்டே வந்து நின்றது. மறுபடி அழுத்தினார். மறுபடி ஒரு அடி. எனக்கு வேர்த்துக் கொட்டியது.

"மன்னிச்சிடுங்க டீச்சர், வழக்கமா இது ஓடும்."

"எதுக்கு ஓடணும்? முதல் நாள் எல்லாரும் ஃபர்ஸ்ட் கியர்தான். நீங்க எப்படி ஓட்டினீங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கு."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். இடது கையால் நாற்காலிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பட்டனை அழுத்தி, வீடு ஓர் அடி நகரும்போதெல்லாம் அவரும் நாற்காலியை ஒரு அங்குலம் நகர்த்தினார். சாய்தளம் ஏறினார். "ஏத்தம் பரவாயில்ல. கை வலிக்காது" என்றார். எனக்குப் பெருமை. ஹாலுக்குள் வந்தார். வெயில் தரையில் விழுந்திருந்தது. அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். அவர் நின்றாரா தகடு நின்றதா என்று எனக்குத் தெரியவில்லை. படுக்கையறைக்குத் திரும்பினார், அங்கிருந்து குளியலறைப் பக்கம் போனார். கதவு எதிரே வந்ததும் தகடு முற்றிலும் நின்றுவிட்டது. அழுத்தினால் அசையவில்லை. திரை முழுவதும் குளியலறைக் கதவு. நான் என்ன செய்வதென்று தெரியாமல் மருந்துக்கடைக்காரரிடம் கைவிசிறி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். டீச்சர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சார், இதுக்குள்ள போறது யாரு?"

"நீங்கதான் டீச்சர்."

"நானா? ஒரு கண்ணுதானே போகுது. இந்தக் கண்ணுக்கு இடுப்பு இருக்கா? சக்கரம் இருக்கா? நான் இந்தக் கதவுல எப்படிப் போவேன்?"

அத்தான், என் சட்டைப்பையில் எப்போதும் அளவு டேப் இருக்கும். மண்டி போட்டு உட்கார்ந்து டீச்சரின் நாற்காலியை இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம்வரை அளந்தேன். அளந்ததை மறுபடி அளந்தேன். கதவைவிட நாற்காலி அகலம். முட்டிக்கொண்டு அங்கேயே நின்றிருக்கும். எப்படி நடந்தது என்று சொல்கிறேன். பிளான் போடுகிற எங்களுக்கெல்லாம் ஒரு பழக்கம். கதவு, ஜன்னல், தொட்டி என்று முன்பே வரைந்து வைத்திருப்போம், வேண்டிய இடத்தில் எடுத்து ஒட்டுவோம். குளியலறை என்றால் ஒரு ஒடுக்கமான கதவு, எல்லா வீட்டுக்கும் அதே கதவு. கை தானாக எடுத்து ஒட்டிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் நான் பெரியவரில் எத்தனை முறை ஓடியிருப்பேன்! அந்தக் கதவு வழியாக எத்தனை முறை போய்வந்திருப்பேன்! எனக்கு இடிக்கவே இல்லை, ஏனென்றால் உள்ளே போனது நான் இல்லை, என் கண். வாசலில் சாய்தளம் போட்டு ஒரு பெண்ணை வாருங்கள் என்று கூப்பிட்டு, உள்ளே குளிக்க விடாமல் செய்துவிட்டு, மறுநாள் அதைச் சுவராகவும் கட்டவிருந்தேன். எனக்கு அவமானமாக இருந்தது.

மருந்துக்கடைக்காரர் மெதுவாகச் சொன்னார், "நான் பார்த்தப்ப உள்ள போயிட்டு வந்தேனே."

"நீங்க ஓடிட்டு வந்தீங்க. நான் போயிட்டு வரணும்" என்றார் டீச்சர்.

அங்கேயே திருத்தினேன். பழைய கதவை எடுத்துவிட்டு அகலமான கதவை வைத்தேன். பக்கத்துத் தடுப்புச் சுவரைத் தள்ளி, நாற்காலி திரும்ப இடம் விட்டேன். பெரியவரிடம் சொன்னால் சொன்ன மாத்திரத்தில் செய்து கொடுத்துவிட்டு அடுத்த வேலை என்ன என்று பார்ப்பார். தகடு யோசித்தது. தலையணையை எடுத்துவிட்டு ஒரு மரப்பலகையை வைத்தோம். மருந்துக்கடைக்காரர் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். மூன்று பேரும் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தோம். முதலில் பழைய கதவு போயிற்று. பிறகு கதவு நிலை ஒரு பக்கமாக நகர்ந்தது. பிறகு சுவர் மெல்ல விலகியது. அந்தக் காட்சியை நான் எப்படி எழுதுவேன்? எத்தனையோ வீடு எழுப்பியிருக்கிறேன். ஒரு சுவர் ஒருவருக்காக விலகி வழி விடுவதை முதல்முறையாகப் பார்த்தேன். தேநீர் ஆறிவிட்டது. ஒருவரும் குடிக்கவில்லை.

"இப்ப போறேன்" என்றார் டீச்சர். அடி அடியாக உள்ளே போனார். போனதும் நான் கைதட்டப் போனேன். "இருங்க சார். உள்ள எல்லாரும்தான் போவாங்க. ரிவர்ஸ்ல வரணும், அதுலதான் இருக்கு" என்றார். நாற்காலிச் சக்கரத்தைப் பின்னால் உருட்டிக்கொண்டே, பட்டனைப் பின்பக்கம் அழுத்திக்கொண்டே, கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலாக அந்த வாடகை வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே, கட்டாத வீட்டின் குளியலறையிலிருந்து பின்பக்கமாக வெளியே வந்தார். வந்ததும் வாயாலேயே இரண்டு முறை ஹாரன் அடித்தார். மருந்துக்கடைக்காரர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். கொஞ்சம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "அவ ஹாரன் அடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு சார்" என்றார். எனக்கும் முகம் கழுவ வேண்டியிருந்தது. அப்படியே வெளியே வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மேஸ்திரி புதுப் படத்தைப் பார்த்துவிட்டு, "சுவர் எழுப்பறதுக்கு முன்னாடி மாத்தறவர இப்பத்தான் சார் பார்க்கறேன்" என்றார். வேலை ஆரம்பித்துவிட்டது.

இவ்வளவையும் படித்துவிட்டு, அப்படியானால் தகடுதானே நல்லது, எதற்குத் திருப்பி அனுப்புகிறான் இவன் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னையே கேட்டுப் பார்த்தேன். நீங்கள் உண்மையை எழுதச் சொன்னீர்கள். உண்மை என்னவென்றால், தகடு அன்று செய்த நல்லதைத் தன் பலத்தால் செய்யவில்லை, சோர்வால் செய்தது. என் பிழைப்பை அதன் சோர்வை நம்பி நடத்த முடியுமா? அடுத்து வருகிறவர் நாலு மாடி ஆஸ்பத்திரி கட்டச் சொன்னால், கட்டடம் எழுந்துவிடும், படம் எழாது. ஆகவே உங்கள் ஆபீஸுக்கு என் தீர்ப்பு: கடிதம், கணக்கு, மீட்டிங், வாடிக்கையாளர் முன் பந்தா, இவற்றுக்குத் தகடு போதும், போதுமென்ன, அதைவிட அழகான பொருள் கிடையாது. வேலை பலமானால் பெரியவர் மாதிரி ஒன்றை வாங்கி மேஜையில் நிரந்தரமாகக் குடிவைத்துவிடுங்கள், யாரையும் சுமக்கச் சொல்லாதீர்கள். என்னைப் பொறுத்தவரை, பெரியவரோடேயே காலத்தை ஓட்டிக்கொள்கிறேன். தோள்பட்டைக்கு டாக்டர் ஏதோ பயிற்சி சொல்லியிருக்கிறார். தகட்டை உங்கள் தங்கச்சி மெத்தென்று சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள். கூரியர்காரர் வாங்கிப் போய்விட்டால் நானும் நிம்மதியாகிவிடுவேன். பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன், எதிர்பார்த்ததைவிடக் கனமாகத்தான் இருந்தது. சார்ஜரும் வால்களும் உள்ளே இருப்பதால் அப்படி.

அக்காவுக்கு என் அன்பு. உங்களுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லாக் கதவுகளும் எல்லோருக்கும் போதுமான அகலத்தில் இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: அத்தான், ஒரு விபரீதம் நடந்துவிட்டது. கூரியர்காரர் பெட்டியைக் கொண்டுபோய்விட்டார். இந்தக் கடிதத்தைத்தான் பெட்டிக்குள் வைக்க மறந்துவிட்டோம், தனியாகத் தபாலில் வருகிறது. அவர் போனதும் அன்றைய எடையைப் பார்க்கலாம் என்று உங்கள் தங்கச்சி அலமாரியிலிருந்து மிஷினை எடுத்துத் தரையில் போட்டு ஏறப் போனாள். நல்லவேளையாக நான் பார்த்துவிட்டேன். அது தகடு. உங்களுக்கு வந்து சேரப்போவது எங்கள் எடை மிஷின். தயவுசெய்து பெட்டியை நீங்களே பிரிக்கவும். அக்கா பிரித்தால், தம்பி தனக்கு எடை மிஷின் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்துக்கொள்வாள். அதற்குப் பிறகு நான் அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. மிஷினை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்; சார்ஜரையும் வால்களையும் மட்டும் உடனே அனுப்பிவையுங்கள். தகட்டை அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். மேலே எழுதிய தீர்ப்பையும் மறந்துவிடுங்கள். சற்று முன்பு டீச்சர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை சமையலறைக்குள் போய்ப் பார்க்க வேண்டுமாம், அடுப்புப் பக்கம் திரும்ப இடம் இருக்கிறதா என்று. பெரியவரில் காட்டட்டுமா, வேகமாக இருக்கும், எப்படியாவது தூக்கி வந்துவிடுகிறேன் என்றேன். "வேணாம் சார், அந்த மெல்லிசையே எடுத்துட்டு வாங்க. என் வேகத்துல வர்றது அது ஒண்ணுதான்" என்றார்.